சின்னதா, பெருசா

—அந்த டூல்ஸ் பொட்டிய கொஞ்சம் கீழ வையி மாப்ள. நான் சொல்றத கேட்டுட்டு அப்பால கட்டிக்கோ.

—கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். கை வேலை செஞ்சா காது கேக்காதா? வெள்ளிக்கிழமை பம்பாய் ரயிலு. அதுக்குள்ள இந்த ஷெட்டை ஒழிச்சு சாவியைக் கொடுத்துடணும். அங்கேருந்து மஸ்கட்டு. ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்.

—தனம் எங்க?

—வீட்டுல. இங்கேருந்து மூணாவது வீடுதானே. கொஞ்ச நேரத்துல டீ கொண்டாருவா. ஆறு மாசமா அண்ணன் இந்தப் பக்கமே வரலன்னு அவளுக்கு மனசுல இருக்கு.

—அவ வர்றதுக்குள்ள சொல்லிட்றேன். கூடப் பொறந்தவ மூஞ்சிய பாத்துகினு என்னால இத்த சொல்ல முடியாது.

—சொல்லு.

—கேசவன் சாரோட இம்பாலா காருக்கு பெரிய கன்வர்ட்டர் போடச் சொன்னது நானு.

—இதைச் சொல்லவா சேலையூர்லேருந்து பெருங்களத்தூர் வரைக்கும் சைக்கிள் மிதிச்ச? அது எனக்கு அன்னிக்கே தெரியும். சாரே சொன்னாரு. நான் சின்னது சொன்னேன், நீ பெருசு சொன்ன, அவர் பெருசு வாங்கினாரு. கலாஸ்.

—கலாஸ் இல்ல மாப்ள. இந்த குவைத்து வார்த்தைய சொல்லி சொல்லியே நீ எல்லாத்தியும் மூடிட்ற. முடியல, இன்னும் கீது. சின்னதுதான் சரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பெருசுன்னு சொன்னேன்.

—தெரிஞ்சேவா?

—பொட்டிய வெச்சுட்டியே. இப்ப குந்து. அந்த டயர் மேல குந்து.

—குந்திட்டேன். ஏன் அப்படிச் சொன்ன?

—வயித்தெரிச்சல். வேற இன்னா? அதுக்கு நல்ல பேரு ஏதாவது கீதான்னு ஆறு மாசமா தேடினேன். கெடைக்கல.

—என் மேலயா?

—உன் மேலதான். மொதல்லேருந்து சொல்றேன், குறுக்க பேசாத. தொண்ணூறுல குவைத்துல சண்டை வந்து நீ திரும்பி வந்தப்ப உன் கையில இன்னா இருந்துச்சு? ஒரு பிளாஸ்டிக் கவரு. அதுல ரெண்டு லுங்கி, பாஸ்போர்ட்டு. ஒம்போது வருச சம்பாத்தியம் அங்கியே பூடுச்சு. சென்ட்ரல் ஸ்டேசன்ல உன்ன இட்டார வந்தது நானு. நம்ம ஷெட்டு கீது வான்னு கேம்ப் ரோட்டுக்கு கூட்டிகினு போய் பாதி தகரத்த உனக்கு வுட்டேன்.

—அதை நான் என்னிக்கும் மறக்க மாட்டேன்.

—சொல்லிக் காட்டல மாப்ள. எங்க ஆரம்பிச்சிதுன்னு சொல்றேன். அப்ப அந்த இம்பாலாவ நான் பதினோரு வருசமா பாத்துகினு இருந்தேன். கேசவன் சாரோட அப்பா வேங்கைவாசல் நெலத்த மனை போட்டு வித்தாரே, அந்த வருசம் வாங்கின வண்டி. கப்பலாட்டம் வண்டி. வேற எவனா இருந்தா கல்யாணத்துக்கு மட்டும் வெளிய எடுப்பான். சாரு அப்டி இல்ல. தெனமும் சேலையூர்லேருந்து கிண்டி ஆபீசுக்கு அதுலதான் போவாரு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா நாவலூர் தாண்டி சவுக்குத்தோப்பு ரோட்டுக்கு ஓட்டிகினு போய் அடையாறு பணக்காரப் பசங்களோட பந்தயம் வுடுவாரு. ஒரே வண்டிதான், ரெண்டு வேலைக்கும். அது கேம்ப் ரோடு முனையில திரும்புறப்பவே சத்தத்த வெச்சு எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுதுன்னு நான் சொல்லிடுவேன். என்ன தவிர எவனும் அதோட பானெட்ட தூக்கினதில்ல.

—தெரியும்.

—தொண்ணூத்தி ஒண்ணுல கியர் பாக்ஸு வழுக்க ஆரம்பிச்சுது. அது ஆட்டோமேட்டிக்கு. கிளச்சு கெடையாது. அந்த ஒண்ணுதான் எனக்கு வராத எடம். பிரிச்சிட்டேன். மூடுறப்ப பாத்தா நாலு சாமான் தட்டுல மிஞ்சி நிக்குது. நீ பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்த. ஒரு வார்த்தை பேசல. எனக்கு அவமானமா இருக்கும்னுதான் பேசலன்னு இப்ப தெரியுது. அன்னிக்கி, இவன் மனசுக்குள்ள சிரிக்கிறான்னு பட்டுது.

—சிரிக்கல.

—சாரே உன்ன கூப்ட்டு கேட்டாரு. நாலே நாள். வண்டி புதுசாட்டம் கெளம்பிச்சு. அன்னிக்கி சாரு உன் தோள் மேல கைய வெச்சாரு மாப்ள. பதினோரு வருசத்துல என் தோள் மேல அந்தக் கை வந்ததில்ல. நான் கிரீஸ் துணியால கைய தொடச்சிகினே இருக்கேன், தொடச்சிகினே இருக்கேன். கையில கிரீஸே இல்ல.

—மச்சான், அது ஒரு சின்ன விஷயம்.

—சின்ன விஷயமா? கேளு. மறுநாள்லேருந்து நீ மாஸ்டர். நான் எப்பவும் போல ஜெயவேலு. பொங்கலுக்கு சாரோட சம்சாரம் ரமா அம்மா வருசா வருசம் எனக்கு ஒரு டிபன் கேரியர் அனுப்புவாங்க. அந்த வருசம் ரெண்டு வந்துது. டிரைவரு ரெண்டையும் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போனான். நீ டீ குடிக்கப் போயிருந்த. நான் ஒரு கையில உன்து, ஒரு கையில என்து, ரெண்டையும் தூக்கிப் பாத்தேன். எது கனம்னு.

—எது கனம்?

—ரெண்டும் ஒண்ணுதான். அதுவே தாங்கல. பதினோரு வருசமும் ஆறு மாசமும் ஒரே கனமான்னு.

—அதனாலதான் அந்தப் பொங்கலு அன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வரலையா? தனம் உனக்கு இலை போட்டு வெச்சிருந்தா.

—வவுறு சரியில்லன்னு சொல்லி அனுப்பினேன். வவுறு சரியில்லாததும் மெய்தான். அப்பால நீ இங்க சொந்தமா ஷெட்டு போட்ட. சாரு வந்து தேங்கா ஒடச்சாரு. நான் ரோட்டுக்கு அந்தாண்ட சோடா கடையில நின்னுகினு பாத்தேன். உள்ள வரல. கடைக்காரரு உள்ள போவலியான்னு கேட்டாரு. யாரோ தெரியாதவங்க கடை, வேடிக்கை பாக்குறேன்னு சொன்னேன்.

—...நீ வந்திருந்தது எனக்குத் தெரியாது.

—தெரியக் கூடாதுன்னுதான் நின்னேன். சரி, வண்டிக்கு வர்றேன். போன வருசம் ஐப்பசியில நாவலூர் ரோட்டுல ஜப்பான் வண்டிக்காரன் ஒருத்தன் சார தோக்கடிச்சான். ஓடுறப்ப இல்ல, கெளம்புறப்பவே. இம்பாலா மூச்ச இழுத்து கால எடுத்து வெக்கிறதுக்குள்ள அவன் அம்பதடி பூட்டான். சாருக்கு ரெண்டு வாரம் சோறு எறங்கல. அப்பத்தான் ரமா அம்மாவோட தம்பி அமெரிக்காவுலேருந்து கார் சாமான் கேட்லாக் அனுப்பினாரு.

—அந்தப் புஸ்தகத்தை இங்கதான் பிரிச்சோம். இதே மேஜை.

—அத்தான் சொல்றேன். மொதல்ல இங்கதான் பிரிச்சிங்க. நீ சாருக்கு ரெண்டு ஃபேன் கதை சொன்னியாமே.

—இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல கன்வர்ட்டர் என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு, ஒண்ணை மட்டும் ஓட விட்டா அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும்ல சார், அதுதான், காத்துக்குப் பதிலா ஆயிலுன்னேன். சின்னதுன்னா இஞ்சின் மெதுவா ஓடும்போதே அடுத்த ஃபேனைப் புடிச்சுக்கும். ஊருக்குள்ள ஓட்ட அதுதான் சரி. பெருசுன்னா இஞ்சின் நல்லா உறுமுற வரைக்கும் சும்மா சுத்த விட்டு, அப்புறம் ஒரே எத்து எத்தும். பந்தயத்துக்கு நல்லது. ஆனா நின்னு நின்னு போற ரோட்டுல அந்த ஆயில் கொதிக்கும்.

—ஷோக்கா சொல்ற. எனக்கு வராது இப்டி. சாரு அந்த ரெண்டு ஃபேன் கதைய தாம்பரம் பூரா சொல்லிகினு திரிஞ்சாரு. அரிசி மண்டி சம்பந்தம் முதலியார் எங்கிட்ட வந்து, உன் தங்கச்சி புருசன் மூளைக்காரன்யா, ரெண்டு ஃபேன வெச்சு கார வெளக்குறானாமேன்னாரு. எனக்கு அன்னிக்கி வூட்டுல ஃபேன் சத்தம் கேட்டாலே பத்திகினு வந்துச்சு. புழுக்கத்துல நிறுத்திட்டு படுத்தேன். என் பொண்டாட்டி கரண்டு போச்சான்னு கேட்டா. ஆமான்னேன்.

—இதுல சிரிக்கிறதா வேணாமான்னு தெரியல மச்சான்.

—சிரி. அடுத்ததுல சிரிக்க முடியாது. ஒரு வாரம் கழிச்சு சாரு கேட்லாக்க எடுத்துகினு என் ஷெட்டுக்கு வந்தாரு. தம்பி தை மாசம் ஊருக்கு வர்றாரு, ஒரு கன்வர்ட்டர்தான் கொண்டார முடியும், கனம் அப்டி, எதுன்னு லெட்டர் போடணும்னாரு. மாணிக்கவேல் சின்னது சொல்றான், நீ இன்னா சொல்றன்னாரு. எங்கிட்ட ரெண்டாவதா கேட்டாரு மாப்ள. அந்த ரெண்டாவதுதான் என் காதுல வுழுந்துது. மத்தது எதுவும் வுழல.

—உடனே பெருசுன்னுட்டியா?

—உடனே சொல்லியிருந்தா கோவத்துல வந்துடுச்சுன்னு மனச ஆத்திக்கலாம். உடனே சொல்லல. ரெண்டு நாள் டைம் கேட்டேன். ஹார்பர்ல கிரேன் செக்சன்ல வேதசிரோமணின்னு ஒரு பெரியவரு கீறாரு. முப்பது வருசமா ஆட்டோமேட்டிக்கு வேலை. அவர்கிட்ட பஸ் ஏறிப் போய் கேட்டேன். தெனமும் ஓட்ற வண்டியான்னாரு. ஆமான்னேன். எந்த வழியான்னாரு. தாம்பரம், குரோம்பேட்டை கேட்டு, பல்லாவரம் சந்தைன்னேன். சின்னதப் போடு, வேற யோசிக்காதன்னாரு. நீ சொன்னத அட்சரம் பிசகாம சொன்னாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல ஜன்னலோரம் குந்திகினு வர்றேன். உன்ன மாதிரியே அவரும் சொல்லிட்டாரேன்னுதான் எரிச்சல். தப்பா கிப்பா சொல்லியிருந்தா நான் அன்னிக்கி நல்லவனா இருந்திருப்பேன்.

—வந்து சார்கிட்ட பெருசுன்னு சொன்ன.

—சொன்னேன். சும்மா சொல்லல, அழகா சொன்னேன். சார், எட்டு சிலிண்டரு வண்டி, சின்னது போட்டா யானை கால்ல சணல் கயிறு கட்ன மாதிரி, உங்களுக்கு அந்த ஜப்பான்காரன ஜெயிக்கணுமா வாணாமான்னு கேட்டேன். ஜெயிக்கணும்னாரு. அப்ப பெருசுதான், மாணிக்கவேலு பாலைவனத்துல வேலை பாத்தவன், அவனுக்கு எதுக்கெடுத்தாலும் சூடு பயம்னேன். சாரு சிரிச்சாரு. என் ஷெட்டு பெஞ்சுல குந்தியே லெட்டர் எழுதினாரு. அந்த இன்லண்ட் லெட்டர நானே கொண்டு போய் போஸ்ட் பண்ணேன்.

—அமெரிக்காவுக்கு இன்லண்ட் லெட்டர் போகாது மச்சான்.

—சரி, ஏதோ ஒரு நீலக் கவரு. உனக்கு எல்லாம் கரெக்டா இருக்கணும்.

—சாமான் வந்ததும் நான்தான் மாட்டினேன்.

—நீதான் மாட்டின. மாசி மாசம் நாவலூர் ரோட்டுல அதே ஜப்பான்காரன். நானும் சவுக்குத்தோப்புல நின்னேன். சாரு கொடி எறங்கினதும் வுட்டாரு பாரு, அந்த வண்டி மூக்க தூக்கிகினு பறந்துச்சு. ஜப்பான்காரன் கண்ணாடியில கூட தெரியல. சாரு எறங்கி வந்து என்ன கட்டிப் புடிச்சாரு. தோள் மேல கை இல்ல மாப்ள, கட்டியே புடிச்சாரு. அப்ப உன்ன பாத்தேன். நீ கொஞ்சம் தள்ளி, மரத்தாண்ட நின்னுகினு இருந்த. எனக்கு சந்தோசம் வந்ததே உன் மூஞ்சிய பாத்துத்தான். கட்டிப் புடிச்சதுல கூட இல்ல.

—தனம் வரா. சத்தத்தைக் கொறை.

—ரெண்டு பேரும் ஏன் இப்படி எழவு விழுந்த வீட்டுல மாதிரி உக்காந்திருக்கீங்க? இந்தாண்ணா டீ. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், உனக்கு ஆகாதுன்னு.

—நல்லா கீறியாம்மா தனம்? கொயந்த?

—இருக்கா. பால்வாடிக்குப் போறா. அப்பா மறுபடி ஏரோபிளேன்ல போறாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா, ரெண்டு வருஷம்னா எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியல. அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில நீ சொன்னதை நான் மறக்கல.

—தனம், வேணாம் விடு.

—நீங்க சும்மா இருங்க. இவர் நட்டைச் சரியா முறுக்கலன்னு எங்க அண்ணன் வாயாலேயே சொல்லிட்டு, ஆறு மாசமா ஒரு வண்டி இந்த வாசல்ல நிக்கல. இவரு வீட்டுல தண்ணிக் கொழாய் சொட்டினாக்கூட எழுந்து போய் முறுக்கிட்டு வர்ற ஆளு. இவரா நட்டை முறுக்காம விடுவாரு? போன வாரம் ரமா அம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். முழங்காலுக்குக் கீழ தோலெல்லாம் சுருங்கி இருக்கு. மாடிப்படி ஏறினா ரெண்டு படிக்கு ஒரு தரம் நிக்கிறாங்க. அந்த அம்மா என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சுப் போனேன். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஏதோ கைதவறு, மனசுல வெச்சுக்கலன்னாங்க. கைதவறுன்னு அவங்க சொன்னதுதான்ணா எனக்குப் பொறுக்கல. திட்டியிருந்தா பரவால்ல.

—டீ ஆறிப்பூடும், குடிச்சிட்றேன்மா.

—குடிச்சுட்டு டம்ளரை இங்கயே வை. பாப்பா தூங்குறா, நான் போறேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும். கோவம் இருக்குன்னாலும் உலை வெச்சுட்டேன்.

—...பூட்டாளா?

—போயிட்டா.

—பாத்தியா மாப்ள. இத்தத்தான் என்னால கேட்டுகினு இருக்க முடியல. அன்னிக்கி வைகாசி முகூர்த்தம். சாரும் ரமா அம்மாவும் இம்பாலாவுல தி.நகர் கல்யாணத்துக்குக் கெளம்பினாங்க. குரோம்பேட்டை கேட்டு போட்டுட்டான். ஒரு ரயிலு போச்சு, தொறக்கல. இன்னொண்ணு போச்சு, தொறக்கல. முக்கா மணி நேரம். வெயிலு. சாரு கியர்லயே வெச்சு பிரேக்க மிதிச்சிகினு குந்தியிருக்காரு, முன்னாடி ரெண்டடி நகந்தா இவரும் ரெண்டடி. ஆயில் கொதிச்சு மேல பொங்கி சைலன்சர் குழாய் மேல ஊத்திச்சு. புகைன்னு நெனச்சு சாரு பானெட்ட தொறக்க எறங்கினாரு. அதுக்குள்ள கீழேருந்து நெருப்பு அந்தம்மா கால்கிட்ட வந்துடுச்சு. பட்டுப் பொடவை.

—கேட்டுப் பக்கத்துல இருந்த ஒரு சோடா கடைக்காரரு பாட்டில் பாட்டிலா ஒடச்சு ஊத்தினாராம்.

—ஆமா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நீ மின்னாடியே வந்து நின்னுகினு இருந்த. சாரு ரெண்டு பேரையும் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. எப்டி ஆச்சுன்னு. திட்டல. கத்தல. அந்த நேரத்துல வாய தொறந்து, சார், நான் தெரிஞ்சே தப்பா சொன்னேன்னு சொல்லியிருக்கணும். நான் இன்னா சொன்னேன்? ஆயில் பைப் நட்ட மாணிக்கவேலு சரியா முறுக்கல சார், லீக் ஆயிருக்குன்னு சொன்னேன். கரிஞ்சு கெடந்த வண்டிய நான் பாக்கக் கூட இல்ல. பாக்காமயே சொன்னேன். நீ பக்கத்துலயே நின்ன. தரையப் பாத்துகினு நின்ன.

—முடிஞ்சு போச்சு மச்சான்.

—எனக்கு முடியல. அதுல நான் ஜெயிச்சது இன்னான்னு கேளு. சாரு அந்த இம்பாலாவ தார்பாய் போட்டு மூடிட்டாரு. மாருதி வாங்கிட்டாரு. கம்பெனி சர்வீஸு. என் ஷெட்டு வாசல் வழியாத்தான் தெனம் போறாரு, கைய மட்டும் ஆட்டுவாரு. உன்னிய ஒழிச்சா அந்த எடம் எனக்கு வரும்னு நெனச்சேன். எடமே இல்லாம பூடுச்சு.

—அதுக்காக வந்தியா? வண்டி போச்சேன்னு?

—இல்ல. நீ மறுபடியும் கப்பல் ஏறப்போறன்னு கேள்விப்பட்டு வந்தேன். பிளாஸ்டிக் கவரோட வந்தவன் பொழச்சு நிக்கிறப்ப நானே தொரத்திட்டேன். அந்தக் கொயந்தைக்கு நான் தாய்மாமன். நாளைக்கி காலையில நான் கேசவன் சார் வூட்டுக்குப் போறேன். அவருக்கும் ரமா அம்மாவுக்கும் எதிர்ல இதெல்லாம் சொல்லப் போறேன். ஹார்பருக்குப் போனது, பெரியவர் சொன்னது, எல்லாம். அவங்க என்ன வேணா பண்ணட்டும். நீ மஸ்கட்டுக்குப் போவாத. இங்கியே இரு.

—வேணாம்.

—ஏன் வாணாம்?

—நான் போறதுதான் நல்லது. நீயும் போய் எதுவும் சொல்லாத. அவங்க கைதவறுன்னு நெனச்சு சமாதானம் ஆயிட்டாங்க. அப்படியே இருக்கட்டும்.

—நீ இப்டி பேசறது எனக்கு அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் உன் மேல பழிய போட்றேன். பெருசு போடச் சொன்னது ஜெயவேலுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சாருக்கே தெரிஞ்ச விசயம். நீ வாயே தொறக்கல. பொண்டாட்டியோட அண்ணன்னு பாத்தியா?

—இல்ல.

—பின்ன? ஒருவேளை, மெய்யாலுமே எங்கியாவது கை வுட்டுட்டியோன்னு கூட நெனச்சேன். அப்பால ஹார்பர் பெரியவர பாத்து நடந்தத சொன்னேன். அவரு சொன்னாரு, பெருச போட்டதே தப்பு, ஆனா போட்டாலும் ரேடியேட்டர் மின்னாடி ஆயிலுக்குன்னு தனியா ஒரு கூலர் வெச்சிருந்தா தீ வரைக்கும் வந்திருக்காதுன்னு. நீ அத வெக்க மறந்துட்ட. அந்தக் குத்தம்தான் உன் வாய கட்டிடுச்சின்னு முடிவு பண்ணிகினேன்.

—மறக்கல.

—தெரியாதா அப்ப?

—தெரியும். குவைத்துல கூலர் இல்லாம ஒரு பெருசு கூட நான் மாட்டினதில்ல. ஒரு சின்ன ரேடியேட்டர், ரெண்டு குழாய். அரை நாள் வேலை.

—பின்ன ஏன் வெக்கல?

—மச்சான், உன் வயித்தெரிச்சலைச் சொல்லிட்ட. என்னுதையும் கேளு. இந்த ஷெட்டு போட்டதுலேருந்து அந்த வண்டிக்கு ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சேன். முடிச்சுக் கொடுத்தா சார் சாவியை வாங்கிக்கிட்டு என்ன சொல்லுவாரு தெரியுமா? போற வழியில ஜெயவேலு காதுல ஒரு தரம் போட்டுட்டுப் போறேன், அவன் சரின்னாத்தான் எனக்கு நிம்மதிம்பாரு. ஒவ்வொரு தரமும். என்னை மாஸ்டர்னு கூப்பிடுவாரு. வண்டியைக் கொண்டு போய் உங்கிட்ட காட்டுவாரு. நான் எத்தனை ஃபேன் கதை சொன்னாலும் அந்த வண்டி உன் வண்டி. நான் கூலிக்கு வந்தவன்.

—சாரு அப்டி சொன்னாரா? எங்கிட்ட அப்டி ஒரு நாளும் சொன்னதில்லியே. சும்மா அந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லுவாரு.

—உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்.

—அதுக்காக கூலர் வெக்காம வுட்டியா.

—சூடாவும். வழியில நின்னுடும். தள்ளிக்கிட்டு வரணும். ரெண்டு தரம் அப்படி ஆனா, ஜெயவேலு சொன்னது தப்பு, மாணிக்கவேல் சொன்னது சரின்னு சாருக்குப் புரியும்னு கணக்குப் போட்டேன். அந்த அம்மா வண்டியில இருப்பாங்கன்னு நெனைக்கல. தீ புடிக்கும்னு நெனைக்கல.

—சரி. சரி மாப்ள. கேக்கக் கஷ்டமாத்தான் கீது. ஆனா இதுக்கும் வேரு நான்தான். நான் பெருசுன்னு சொல்லாம இருந்தா உனக்கு கூலர் பேச்சே வந்திருக்காது. நீ மொதல்ல மனசறிஞ்சு சரியாத்தான சொன்ன. சின்னது போடுங்கன்னு. அதுல ஒரு களங்கமும் இல்லியே. அந்த ஒண்ணாவது உன் பக்கம் கீது. நாளைக்கி அத்தயாவது நான் சார்கிட்ட சொல்றேன்.

—சார் அன்னிக்கே இந்த மேஜையில உக்காந்து சின்னதுன்னு லெட்டர் எழுத பேனாவைத் தொறந்துட்டாரு மச்சான். நான்தான் அவர் கையைப் புடிச்சு, ஜெயவேலுவையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார், நான் சின்னது சொன்னேன்னு சொல்லியே கேளுங்கன்னு அனுப்பி வெச்சேன், அப்படிக் கேட்டா நீ பெருசுன்னுதான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும்.